இரண்டரை ஆண்டு நின்ற காரில் பிரேக் பெடல் தரைவரை போவது ஏன்?

பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அப்பா ஓட்டிய 2004ஆம் ஆண்டு மாருதி 800 கார், அப்பாவின் மறைவுக்குப் பின் இரண்டரை ஆண்டுகளாக மாந்தோப்பின் ஓரத்துத் தகரக் கொட்டகையில், ஹேண்ட் பிரேக் இழுத்த நிலையிலேயே நின்றிருக்கிறது. புதிய பேட்டரி வைத்ததும் எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது. பிரேக் மட்டும் இல்லை. பெடல் முதல் மிதியில் தரைவரை போகிறது, மூன்று நான்கு முறை அடுத்தடுத்து மிதித்தால் மேலே எழும்புகிறது, பின் இடது சக்கரம் அசைய மறுக்கிறது, பிரேக் ஆயில் டப்பாவோ நிறைந்தே இருக்கிறது. பெடலை மிதிக்கும் பலத்தைத் திரவ அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்கிறார் ஒரு மெக்கானிக்; ஏர் எடுத்தால், அதாவது குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றினால் போதும் என்கிறார் இன்னொருவர். ஆடிப்பெருக்குக்குக் குடும்பத்தோடு ஒகேனக்கல் போக வேண்டும், யார் சொல்வதை நம்புவது என்று கேட்கிறார்.

தம்பி, இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இருவருமே ஒரு சக்கரத்தைக்கூடக் கழற்றாமல் சொல்லியிருக்கிறார்கள். தினமும் ஓடும் வண்டியில் பிரேக் கெட்டால் பெரும்பாலும் ஏதோ ஒரு பாகம்தான் கெட்டிருக்கும். அதைக் கண்டுபிடித்து மாற்றினால் வேலை முடிந்தது. நின்றுபோன வண்டியில் அப்படி இல்லை. அங்கே ஒரே காலத்தில், ஒரே காரணத்தால், பல பாகங்கள் ஆளுக்கு ஓரளவு கெட்டிருக்கும், ஒன்றின் குறை இன்னொன்றின் குறையை மறைத்துக்கொண்டும் இருக்கும். ஆகையால் எந்தப் பாகத்தை மாற்றுவது என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளாமல், எந்த வரிசையில் பார்ப்பது என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். கிருஷ்ணகிரியில் பல ஆண்டுகள் பட்டறை நடத்தியவன் என்ற முறையில், நான் பார்க்கும் வரிசையை இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன், அந்த வண்டியைத் தோட்டத்துப் பாதையில்கூட உருட்டிப் பார்த்துச் சோதிக்க வேண்டாம். மூன்று மிதிக்குப் பின் எழும்பும் பெடல், எதிரே மாடு வந்து நிற்கும்போது மூன்று மிதிக்கு நேரம் தராது. சமதளமான, கெட்டியான தரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் கொடுத்துவிட்டு, அதன் பிறகே ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அடியில் ஸ்டாண்டு வைக்காமல் தலையை நுழைக்காதீர்கள். ஸ்டாண்டு கிடைக்காத பட்சத்தில் மரக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கலாம், செங்கல்லை வைக்கக் கூடாது, பாரம் ஏறினால் சொல்லாமல் நொறுங்கிவிடும்.

நிற்கும்போது பிரேக்குக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால், பின்னால் வரும் சோதனைகளின் பொருள் தானாகவே விளங்கும். நாம் பிரேக் ஆயில் என்று அழைப்பது உண்மையில் எண்ணெயே அல்ல. கிளைக்கால் வகையைச் சேர்ந்த ஒரு திரவம், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. டப்பா மூடியின் காற்றுத் துளை வழியாகவும் ரப்பர் ஓஸ்களின் சுவர் வழியாகவும் ஈரம் அதற்குள் சிறிது சிறிதாகச் சேருகிறது. நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை மழையில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் வண்டிக்கு அந்த ஈரத்துக்குக் குறைவே இல்லை. திரவத்தில் துருத் தடுப்பு மருந்து கலந்திருப்பார்கள், ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு. அது தீர்ந்தபின் ஒவ்வொரு சிலிண்டரிலும், பிஸ்டனைத் தாண்டித் திரவம் போகாமல் தடுக்கும் ரப்பரான கப் நின்ற இடத்தை ஒட்டித் துரு பிடிக்கிறது, ஒரே நிலையில் அழுந்திக் கிடந்த ரப்பர் கப்பின் உதடு தன் விறைப்பை இழக்கிறது. ஓடும் வண்டியில் பிஸ்டன்கள் நாள்தோறும் முன்னும் பின்னும் நகர்ந்து அந்த இடங்களை வழவழப்பாக வைத்திருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைப் பொறுத்ததல்ல, காலத்தைப் பொறுத்தது. ஓடாத வண்டிக்கும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இப்போது பானெட்டைத் திறந்து டப்பாவைப் பாருங்கள். நிறைந்திருப்பதால் கசிவில்லை என்று எண்ணிவிட வேண்டாம், யாரோ ஊற்றி நிறைத்திருக்கலாம். திரவம் வெளிர் மஞ்சளாகத் தெளிந்திருந்தால் நல்லது. காப்பி நிறத்தில் கலங்கி, அடியில் கருமையாக வண்டல் படிந்திருந்தால் ரப்பர் கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதைவிட முக்கியமானது மூடிக்குள் இருக்கும் ரப்பர். அது உப்பிப் பெருத்து, திரும்பப் பொருத்தினால் உட்காராத அளவுக்கு இருந்தால், யாரோ அறியாமல் எஞ்சின் ஆயிலையோ வேறு கனிம எண்ணெயையோ அதில் ஊற்றியிருக்கிறார்கள். அப்படியானால் மேற்கொண்டு சோதனையே தேவையில்லை: அமைப்பிலுள்ள ரப்பர் பாகங்கள் அத்தனையையும் மாற்றி, குழாய்களைக் கழுவித்தான் ஆக வேண்டும். கையிலிருந்த ஏதோ ஓர் ஆயிலை நல்லெண்ணத்தோடு ஊற்றிவைத்துவிட்டுப் போன உறவினர்களால் கெட்ட வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பெடல். எஞ்சினை நிறுத்தி, ஐந்தாறு முறை மிதித்து, மிதிக்கு வலு கூட்டும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவத்தை (வெற்றிடத்தை) தீர்த்துவிட்டு, அதன் பிறகு செய்ய வேண்டிய சோதனை இது. வேகமாக மிதிக்காமல், பெடல் எழும்பும்வரை மட்டும் மிதித்து, எழும்பியதும் காலை எடுக்காமல் ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் பிடித்திருங்கள். பெடல் செங்கல்லைப் போலக் கெட்டியாக அதே உயரத்தில் நின்றால், குழாய்க்குள் அழுத்தம் பிறக்கிறது, நிற்கிறது. முதல் மிதி தரைக்குப் போனதற்குக் காரணம் பின் சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்கும், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகுந்திருப்பதுதான். எழும்பிய பெடல் பஞ்சுப் பொதியைப் போல அமுங்கி அமுங்கித் திரும்பினால் உள்ளே காற்று இருக்கிறது. எழும்பிய பெடல் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கித் தரையைத் தொட்டால், திரவம் எங்கோ வெளியே கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே கப்பைத் தாண்டிப் பின்னுக்கு வருகிறது.

இந்த மூன்றாவது வகையில் பலரும் ஏமாறும் ஓர் இடம் உண்டு. பலமாக மிதித்தால் நிற்கும் பெடல், சிக்னலில் நிற்கும்போது மிதிப்பதைப் போல லேசாக, மெதுவாக அழுத்தினால் இறங்கும். பலமான அழுத்தம் தேய்ந்த கப்பின் உதட்டைச் சிலிண்டர் சுவரோடு ஒட்டவைக்கிறது. லேசான அழுத்தத்துக்கு அந்த வலு இல்லை. ஆகவே பலமாக மிதித்துப் பார்த்துவிட்டு மாஸ்டர் நன்றாக இருக்கிறது என்று சான்று கொடுக்கக் கூடாது. இரண்டு விதமாகவும் மிதித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் மிதிக்கும்போது இன்னொருவர் டப்பாவுக்குள் பார்க்கட்டும். மிதியின் தொடக்கத்தில் சிறு குமிழிபோல ஒரு துள்ளல் தெரிவது இயல்பானது. பெடல் இறங்கும் நேரம் முழுவதும் திரவம் உள்ளே சுழன்றுகொண்டே இருந்தால், அது மாஸ்டரின் கப்பைத் தாண்டித் திரும்பி வருகிறது என்பதற்கு நேரடிச் சாட்சி. டப்பாவுக்குள் குனிந்து பார்ப்பவர் கண்ணாடி போட்டிருக்க வேண்டும், திரவம் கண்ணில் பட்டால் எரியும். பெயிண்டில் பட்டால் பெயிண்டை உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

மாஸ்டரைச் சந்தேகிப்பதற்கும் சந்தேகத்தைத் தீர்ப்பதற்கும் நடுவே ஓர் உறுதியான சோதனை இருக்கிறது. மாஸ்டரிலிருந்து வெளியே போகும் பைப்புகளைக் கழற்றி, அந்தத் துளைகளை அதே மரையுள்ள அடைப்புத் திருகுகளால் மூடி, உள்ளேயுள்ள காற்றை எடுத்துவிட்டு மிதித்தால், நல்ல மாஸ்டரின் பெடல் விரற்கடை அளவுகூட இறங்காது. அடைத்தும் இறங்கினால் பழுது மாஸ்டரில்தான். அடைத்ததும் கல்லாக நின்றால் பழுது சக்கரங்களின் பக்கம். ஓஸ்களைக் கிளாம்ப் போட்டு நெரித்து ஒவ்வொன்றாக விடுவித்துப் பார்க்கும் முறையும் உண்டு, விரைவில் விடை தரும். ஆனால் இருபது ஆண்டு ஓஸை நெரித்தால் அது உள்ளே கிழியும் என்பதால், எப்படியும் மாற்றப்போகிற ஓஸில் மட்டும் அதைச் செய்யுங்கள்.

மாஸ்டரின் வெளிக்கசிவு பெரும்பாலும் கண்ணுக்குப் படாது. பின்பக்கக் கப் போனால் திரவம் தரையில் சொட்டாமல் பூஸ்டருக்குள் போய்ச் சேரும். மாஸ்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்தி, பைப்புகள் வளையாத அளவுக்குச் சற்றே முன்னுக்கு இழுத்து, பின்னால் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. மாஸ்டருக்குக் கீழே பூஸ்டரின் கறுப்பு பெயிண்ட் உரிந்திருந்தாலும் அதே பொருள்தான்.

ஏர் எடுத்தால் போதும் என்று சொன்னவரிடம் உங்கள் வண்டியைக் கொடுக்க நான் தயங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் பட்டறைகளில் ஏர் எடுப்பது என்றால் ஒருவர் பெடலைத் தரைவரை அடித்து அடித்து மிதிப்பார், மற்றவர் சக்கரத்தின் பக்கமுள்ள சிறு திறப்புத் திருகான நிப்பிளைத் திறந்து மூடுவார். நல்ல நிலையில் உள்ள வண்டியில் மாஸ்டரின் பிஸ்டன் தன் ஓட்டத்தின் முதல் பாதியில்தான் வேலை செய்கிறது; மீதிப் பாதிக்கு அது ஆண்டுக்கணக்கில் போவதே இல்லை. அந்தப் போகாத பகுதியில்தான் துருவும் வண்டலும் சேர்ந்து உப்புத்தாளைப் போலச் சொரசொரப்பாகக் கிடக்கும். தரைவரை மிதிக்கும்போது கப்பின் மெல்லிய உதடு அதன்மேல் உராய்ந்து கிழியும். காலையில் லேசாகக் காற்று மட்டும் இருந்த வண்டிக்கு மாலையில் மாஸ்டரும் போயிருக்கும். என் சொந்தக் காரிலேயே நான் இளவயதில் இப்படிச் செய்து கப்பைக் கிழித்திருக்கிறேன். அன்று முதல் நின்ற வண்டி எதுவானாலும் பெடலுக்கு அடியில் ஒரு மரக் கட்டையை வைத்து, பாதிக்கு மேல் இறங்காதபடி தடுத்த பிறகே யாரையும் மிதிக்க விடுவேன். நீங்களும் ஏற்கெனவே பலமுறை தரைவரை மிதித்திருக்கிறீர்கள் என்பதால், உங்கள் மாஸ்டர் முதலில் நன்றாக இருந்திருந்தாலும் இப்போது நன்றாக இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் இருவர் சொல்வதும் பாதி உண்மை என்றேன்.

இனி அந்தப் பின் இடது சக்கரம். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்றிப் பாருங்கள். சுழலாவிட்டால் நிப்பிளைச் சற்றுத் திறக்க வேண்டும். அதற்கு முன் கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துரு இளக்கும் ஆயிலை அடித்து, ஓர் இரவு ஊறவிட்டு, சரியான அளவு ரிங் ஸ்பேனரால் மட்டும் திருப்புங்கள். திறந்த வாய் ஸ்பேனரால் இழுத்தால் நிப்பிள் ஒடியும், ஒடிந்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரே புதிதாக வாங்க வேண்டியதுதான். நிப்பிளைத் திறந்ததும் திரவம் பீய்ச்சியடித்து, சக்கரமும் விடுபட்டால், அழுத்தம் திரும்ப வழியில்லாமல் சிக்கிக் கிடந்திருக்கிறது. திறந்தும் சக்கரம் அசையாவிட்டால், துருப் பிடித்த டிரம்மும் ஷூவும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன, அல்லது ஹேண்ட் பிரேக் கேபிள் தன் உறைக்குள் துருவேறித் திரும்பாமல் நிற்கிறது, அல்லது வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்த நிலையிலேயே ஜாம் ஆகியிருக்கிறது. ஹேண்ட் பிரேக் இழுத்தபடி இரண்டு மழைக்காலம் நின்ற வண்டியில், நான் பந்தயம் கட்டுவதானால் கேபிளின் மேலும் ஒட்டிய ஷூவின் மேலும்தான் கட்டுவேன்.

அழுத்தம் சிக்கியிருந்தால் அதற்கும் இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டையும் பிரித்தறிய வேண்டும். பழைய ஓஸின் உட்சுவர் உப்பியோ உரிந்தோ ஒருவழி வால்வைப் போல ஆகிவிடும். காலின் பலத்தால் திரவம் உள்ளே போகும், ஷூவின் ஸ்பிரிங் பலத்தால் திரும்பி வராது. வெளியே பார்த்தால் ஓஸ் புதிதுபோலவே இருக்கும். மற்றொன்று மாஸ்டரில் திரவம் டப்பாவுக்குத் திரும்பும் துளை வண்டலால் அடைபடுவது, அல்லது பெடலோடு சேர்ந்த தள்ளுகம்பியான புஷ் ராடு இடைவெளியில்லாமல் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டே இருப்பது. மறுபடி மிதித்துச் சக்கரத்தைச் சிக்கவைத்து, இம்முறை நிப்பிளுக்குப் பதிலாக மாஸ்டரிலுள்ள பைப்பின் நட்டைத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் குற்றம் மாஸ்டரின் பக்கம், விடுபடாவிட்டால் ஓஸ். காவேரிப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு காருக்கு நான் வீல் சிலிண்டரை இரண்டு முறை மாற்றிக் கொடுத்து, இரண்டு முறையும் அது சூடேறித் திரும்பி வந்தது. மூன்றாம் முறை ஓஸை அறுத்துப் பார்த்தபோது உள்ளே ரப்பர் நாக்குப்போல ஒரு சவ்வு தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வாடிக்கையாளரிடம் இரண்டு சிலிண்டருக்கு வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன்.

டிரம் கழலும் முறை வண்டிக்கு வண்டி மாறும், அதை உங்கள் வண்டியைத் தெரிந்த ஒருவரை வைத்துச் செய்யுங்கள். ஒட்டியிருந்தால் இரும்புச் சுத்தியலால் விளிம்பில் அடிக்க வேண்டாம், வார்ப்பிரும்பு தெறித்துவிடும். ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டி, பொறுமையாக இழுக்க வேண்டும். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங் பழையதானால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், அது நுரையீரலுக்குப் பகை. ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே முறை. வீல் சிலிண்டரின் இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் உறையை விரலால் சற்றே விலக்கிப் பாருங்கள். உள்ளே வெறும் ஈரக்கசிவு மட்டும் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், திரவம் வழிந்தால் அந்தச் சிலிண்டர் முடிந்தது. லைனிங்கில் பிரேக் ஆயில் ஊறியிருந்தால் பெட்ரோலில் கழுவி உலர்த்திப் போடலாம் என்பார்கள். ஊறியது சூடேறும்போது மீண்டும் வெளியே வரும், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்து வண்டியை இழுக்கும். ஷூவை எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். அட்ஜஸ்டரையும் கையால் அசைத்துப் பாருங்கள். அது துருவேறி நின்றுவிட்டால் இடைவெளி தானாகக் குறையாது, முதல் மிதி தரைக்குப் போவதற்கு அதுவே போதுமான காரணம். சொட்டுக்கூட வெளியே தெரியாமல் காற்று எப்படி உள்ளே நுழைந்தது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும்: விறைப்பிழந்த கப் அழுத்தத்தில் திரவத்தைத் தடுக்கும், ஆனால் பெடல் திரும்பும் கணத்தில் பின்னாலிருந்து காற்றை உறிஞ்சிக்கொள்ளும்.

முன் சக்கரங்களில் பார்க்க வேண்டியது குறைவு. சக்கரத்தோடு சுழலும் தட்டான டிஸ்க்கின் மேல் படிந்த செந்நிறத் துரு சில மிதிகளில் போய்விடும். நகத்தை வைத்துத் தேய்த்தால் குழி தட்டுப்பட்டால்தான் கவலை. டிஸ்க்கை இருபுறமும் பேடால் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன், நிப்பிளைத் திறந்து வைத்துத் தள்ளும்போது சீராக உள்ளே போக வேண்டும். காலிப்பர் சறுக்கி நகர உதவும் உலோகக் குச்சிகளான பின்கள் கிரீஸ் உலர்ந்து சிக்கியிருக்கும், கழுவிப் புது கிரீஸ் இட வேண்டும். பிரேக்குக்கான கிரீஸ்தான், சேஸிஸ் கிரீஸ் ரப்பரை உப்பவைக்கும். பூஸ்டரைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். பூஸ்டர் கெட்டால் பெடல் கல்லாகும், தரைக்குப் போகாது, ஆகவே உங்கள் குறைக்கு அது காரணமல்ல. ஆனாலும், எஞ்சினை நிறுத்தி ஐந்து முறை மிதித்து, காலை எடுக்காமல் எஞ்சினை ஓடவிட்டால் பெடல் சற்றே தாழ வேண்டும்; தாழாவிட்டால் வேக்குவம் ஓஸில் வெடிப்போ எலிக் கடியோ இருக்கிறதா என்று பாருங்கள். இரும்புப் பைப்புகளைத்தான் மறந்துவிடாதீர்கள். அவை கிளிப்புக்கு அடியில், செம்மண் சேறு அடைந்து காயாத இடத்தில்தான் அரிக்கும், கிளிப்பைக் கழற்றினால்தான் தெரியும். அரித்த பைப்பைப் பற்றவைத்து ஒட்டுவதாக யாரேனும் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முழு பைப்பையும் மாற்றுவதுதான் வழி.

இத்தனையும் பார்த்தபின் என்ன வாங்குவது? இரண்டரை ஆண்டு நின்ற, இருபது ஆண்டு பழைய வண்டி என்றால், சோதனையின் விடை எதுவானாலும் ஓஸ்கள் எல்லாவற்றையும், பின் வீல் சிலிண்டர்கள் இரண்டையும் நான் மாற்றிவிடுவேன். டிஸ்க், டிரம், பேட், ஷூ ஆகியவற்றை அளந்து பார்க்காமல் மாற்ற மாட்டேன். கடைக்காரர் தரும் பட்டியலில் பாதிக்கு மேல் அவைதான் இருக்கும். மாஸ்டருக்கு ரப்பர் கிட் மட்டும் போடலாமா என்பது சிலிண்டரின் உள்சுவரைப் பொறுத்தது. பிஸ்டனை உருவி, சிலிண்டரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். கண்ணாடிபோல இருந்தால் கிட் போதும், சிறு குழியோ கீறலோ தெரிந்தால் கிட் சில வாரம்கூடத் தாங்காது. அம்பாசிடர் காலத்து வார்ப்பிரும்புச் சிலிண்டரை லேசாகத் தேய்த்துப் பயன்படுத்தினோம். அலுமினிய உடம்புள்ள மாஸ்டரின் உள்சுவரில் கடினமான மேற்பூச்சு இருக்கும், அதை உப்புத்தாளால் தேய்த்தால் பூச்சு போய், முன்னைவிட வேகமாக அரிக்கும். அதற்குப் புது மாஸ்டர்தான்.

திரவத்தைப் பொறுத்தவரை, டப்பா மூடியில் எழுதியுள்ள டாட் 3 அல்லது டாட் 4 வகையை, சீல் உடையாத புட்டியில் வாங்குங்கள். பட்டறை அலமாரியில் பாதி திறந்து கிடக்கும் புட்டி ஏற்கெனவே ஈரம் குடித்தது. டாட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிக்கோன் வகை, உங்கள் வண்டிக்கு ஆகாது. பழையதை உறிஞ்சி எடுத்து, டப்பாவைத் துடைத்து, புதியதை ஊற்றி, வழக்கமாக மாஸ்டருக்குத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொரு நிப்பிளையும் திறந்து தானாகவே சொட்டவிடுங்கள். நேரம் பிடிக்கும், ஒரு டீ குடித்து வரலாம். ஆனால் டப்பா வற்றிவிடாமல் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கடைசியாகக் கட்டை வைத்த பெடலில் நாலைந்து மிதி போதும்.

ஒகேனக்கல் என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பென்னாகரம் தாண்டியபின் அந்தச் சாலை காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்குகிறது. ஆட்களோடு சேர்ந்து தொள்ளாயிரம் கிலோ எடையுள்ள ஒரு வண்டி, பிரேக்கை மட்டும் நம்பி நூறு மீட்டர் உயரம் இறங்கினால், அதில் பிறக்கும் வெப்பம் மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அந்த வெப்பம் முழுவதும் டிஸ்க்கிலும் டிரம்மிலும்தான் இறங்கும். டாட் 3 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது, சுமார் 3.7 விழுக்காடு ஈரம் ஏறியபின் அந்தத் தரம் கேட்பது 140 டிகிரி மட்டுமே. டாட் 4 வகைக்கு அவை 230, 155. கொதித்த இடத்தில் ஆவிக் குமிழி உண்டாகிறது, குமிழி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். பழைய திரவத்தோடு கொட்டகையில் கெட்டியாக நின்ற பெடல், முதல் ஐந்து வளைவுவரை ஒழுங்காகப் பிடித்து, ஆறாவதில் இல்லாமல் போவது இப்படித்தான். தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிகளின் பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது, அங்கே நடப்பது வேறு. என்றாலும் இறக்கம் முழுவதும் மிதித்துக்கொண்டே போனால் சூடேறுவது இரண்டுக்கும் பொது. இரண்டாம் கியரில் இறங்கி, எஞ்சினைப் பிடிக்கவிட்டு, வளைவுக்கு முன் ஒருமுறை அழுத்தமாக மிதித்து விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்தபின் சோதனையும் படிப்படியாகத்தான். நின்ற இடத்திலேயே முழு பலத்தோடு ஒரு நிமிடம் மிதித்துப் பிடித்து, உடனே நான்கு சக்கரத்தின் உட்புறமும் ஓஸ் இணைப்புகளும் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆளில்லாத சமதளத்தில் நடக்கும் வேகத்தில், அதன்பின் இருபதில், முப்பதில் மிதித்து, வண்டி ஒருபக்கம் இழுக்காமல் நேராக நிற்கிறதா என்று கவனியுங்கள். பத்துக் கிலோமீட்டர் ஓட்டி வந்து நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அனல் அடித்தால் அது இன்னும் விடுபடவில்லை. சாலைக்கு எடுக்குமுன் பதிவுச் சான்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 2004ஆம் ஆண்டு வண்டிக்கு 15 ஆண்டுகள் எப்போதோ முடிந்துவிட்டன, ஐந்தாண்டுப் புதுப்பிப்பு செய்திருந்தாலும் அதுவும் தீர்ந்திருக்கலாம். காப்பீட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைசி ஏர் எடுத்து முடிந்ததும், டப்பாவின் வெளிப்புறத்தில் திரவம் நிற்கும் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். முதல் வாரம் தினமும் காலையில், வண்டியை எடுக்குமுன் அந்தக் கோட்டைப் பாருங்கள். புது ஷூ படியும்போது மயிரிழை அளவு இறங்குவது இயல்பு. அதற்கு மேல் இறங்கினால் ஊற்றி நிறைக்காமல், எங்கே போனது என்று மறுபடி சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். அந்த வாரம் ஆடி பதினெட்டுக்கு முன்பே முடிந்துவிடும்படி வேலையை இப்போதே தொடங்கினால் காரில் போகலாம். முடியாவிட்டால் இந்த ஆண்டு தர்மபுரியிலிருந்து பேருந்திலேயே குடும்பத்தை அழைத்துப் போய்வாருங்கள்.